பிள்ளையின் மூளைக் கட்டியைக் கணினி எப்படி அளக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவன் அல்ல. எம்.ஆர்.ஐ. படங்களில் மூளைக் கட்டியை அளக்கும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ வந்தால் எப்படியோ செய்தி பரவி, ஸ்கேன் சென்டர் பெயர் போட்ட பெரிய பிளாஸ்டிக் உறையோடு யாராவது திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதைக் கம்ப்யூட்டரில் போட்டால் இன்னதென்று சொல்லிவிடுமாமே?" என்று கேட்கிறார்கள். அளந்து கொடுக்கும், அவ்வளவுதான் என்பேன். அதற்கு மேல் வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

கணினி அந்தப் படத்தில் எதைப் பார்க்கிறது?

எண்களை. நமக்குச் சாம்பல் நிறப் படமாகத் தெரிவது, அதற்கு ஓர் எண் அடுக்கு. மூளையைச் சின்னஞ்சிறு கனசதுரங்களாக அறுத்து அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கனசதுரத்துக்கும் வோக்சல் என்று பெயர். நல்ல முப்பரிமாண ஸ்கேனில் ஒரு வோக்சலின் பக்கம் ஏறத்தாழ 1 மி.மீ. இருக்கும், ஆயிரம் வோக்சல் சேர்ந்தால் ஒரு மில்லி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான இயந்திரங்கள் அந்த எண்ணை 4,096 படிகளில் பதிகின்றன. ஃபிலிமில் அச்சிடும்போது அதில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கறுப்பு முதல் வெள்ளை வரை விரித்துவிடுகிறார்கள். மீதி தொலைந்துபோகிறது.

இதில் ஒரு தொல்லை உண்டு. சி.டி. ஸ்கேனில் எண்ணுக்கு நிலையான பொருள் இருக்கிறது: தண்ணீர் 0, காற்று −1000. அந்தக் கருவியை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே அலகுக்கும் வைக்கப்பட்டது. எம்.ஆர்.ஐ.யில் இந்த வசதி கிடையாது. பாளையங்கோட்டையில் ஓர் இயந்திரம் 600 என்று சொல்லும் இடத்தை மதுரையில் இன்னொன்று 900 என்று சொல்லலாம், மூளை அதேதான். மரக்கால் ஊருக்கு ஊர் வேறாக இருந்த காலத்தில் நெல் வாங்கியவர்களைக் கேட்டால் இந்தச் சங்கடத்தைச் சொல்வார்கள். ஒரே படத்துக்குள்ளேகூட, காயில் எனப்படும் வாங்கிக்கு அருகில் இருக்கும் பக்கம் சற்று வெளிச்சமாக விழும். இவற்றை எல்லாம் சரிக்கட்டி, மண்டை ஓட்டையும் தோலையும் நீக்கி, ஒரே ஸ்கேனில் விதவிதமாக எடுத்த எல்லா வரிசைப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருத்திய பிறகுதான் அளவே தொடங்கும். வெளியில் பேசப்படுவதெல்லாம் செயற்கை நுண்ணறிவைப் பற்றி. என் நாளில் பாதி இந்த மரக்கால் சரிபார்ப்பிலேயே போகிறது.

ஃபிலிமைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

ஒரு மருத்துவர் மேலோட்டமாகப் பார்க்கப் போதும். அளப்பதற்கு உதவாது. போன் படத்தில் எண்களும் இல்லை, மி.மீ. கணக்கும் இல்லை, ஜன்னல் கம்பியின் நிழல் வேறு விழுந்திருக்கும்.

வேண்டியது டைகாம் கோப்பு. ஸ்கேன் இயந்திரம் எழுதும் மூலக்கோப்பு அது. வோக்சல் எண்களோடு, ஒவ்வொரு வெட்டின் தடிமன், இடைவெளி, எந்த இயந்திரம், எந்தத் தேதி என்ற விவரமும் உள்ளே இருக்கும். ஸ்கேன் முடிந்ததும் சிடியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தச் சிடி என்பது வட்டத்தட்டு, சி.டி. ஸ்கேன் என்பது எக்ஸ்ரே பரிசோதனை. கவுன்டரில் இரண்டும் குழம்பி வீண் சண்டை நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சிடி வாங்கினால் மட்டும் போதாது என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். சொந்தக்காரப் பிள்ளை ஒருத்திக்காகச் சிடியைத் திறந்தபோது உள்ளே சாதாரணப் படக் கோப்புகள்தான் இருந்தன. டைகாம் ஒன்றுகூட இல்லை. எடுத்த இடத்தில் கேட்டால், "ரிப்போர்ட்டுக்கு இது போதுமே" என்றார்கள். மூன்று முறை அலைந்த பிறகுதான் மூலக்கோப்பு கிடைத்தது. அதனால், "டைகாம் கோப்பாக, எல்லா வரிசையும் வேண்டும்" என்று அந்தச் சொற்களாலேயே கேளுங்கள். படித்தவர்போலப் பேசுகிறான் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

டி1, டி2, ஃப்ளேர் என்று ஏன் இத்தனை தடவை எடுக்கிறார்கள்? காசுக்காகவா?

காசுக்காக அல்ல. ஒவ்வொரு வரிசையும் வேறொரு குணத்தைக் காட்டுகிறது. டி1 மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும். டி2 நீர் இருக்கும் இடத்தை வெளுப்பாகக் காட்டும். ஃப்ளேர், மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் வெளுப்பை அடக்கிவிட்டுக் கட்டியையும் வீக்கத்தையும் எடுத்துக்காட்டும். காடோலினியம் என்ற ஒளிரவைக்கும் மருந்தை ஊசியாகப் போட்ட பிறகு எடுப்பது, ரத்தக்குழாய்ச் சுவர் கசியும் இடங்களை ஒளிரச் செய்யும்.

எனக்குப் பிடித்தது டிஃப்யூஷன் வரிசை. திசுவுக்குள் நீர்த்துகள் எவ்வளவு தாராளமாக நடமாடுகிறது என்பதை அது அளக்கிறது. நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் சாதாரண நாளில் கையை வீசி நடக்கலாம். ஆனித் தேரோட்டத்தன்று அதே வீதியில் ஓரடி நகர முடியாது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டி தேரோட்டத்தன்று இருக்கும் ரத வீதி. செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் நீருக்கு நகர இடமில்லை. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா தளர்வானது. நீர் நன்றாக உலாவும். இரண்டும் பிள்ளைகளின் சிறுமூளையில் வருபவை. முன்னது வேகமாகப் பரவக்கூடிய புற்று. பின்னது மெதுவாக வளர்வது, முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இவற்றைப் பிரித்தறிய இந்த ஒரு வரிசை தரும் துணை பெரிது. அதோடு, இங்கே சொன்ன வரிசைகளில், அலகில்லாத எண்களுக்கு நடுவே இது ஒன்றிலிருந்துதான் உண்மையான அலகோடு ஓர் எண் கிடைக்கும். இயந்திரம் மாறினாலும் ஓரளவு ஒப்பிடலாம்.

கட்டியின் எல்லையைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிலம் அளக்கும் சர்வேயரின் வேலைதான். கட்டி எது, நீர்ப்பை எது, வீக்கம் எது, நல்ல மூளை எது என்று ஒவ்வொரு வோக்சலுக்கும் பட்டா எழுத வேண்டும். முதலில், ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் அனுபவமுள்ள மருத்துவர்களான ரேடியாலஜிஸ்ட்டுகள் வெட்டு வெட்டாகப் பார்த்துக் கையால் எல்லை வரைகிறார்கள். ஒரு பிள்ளையின் ஸ்கேனுக்கே மணிக்கணக்கில் ஆகும். அப்படி வரைந்த நூற்றுக்கணக்கான ஸ்கேன்களைக் காட்டி நிரலைப் பழக்குகிறோம்.

இன்று பெரும்பாலும் பயன்படுவது யூ-நெட் என்ற அமைப்பின் வழிவந்தவை. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 2015-இல் அதை உருவாக்கினார்கள். படத்தைப் படிப்படியாகச் சுருக்கி மொத்தப் போக்கைப் பார்த்துக்கொள்ளும். பிறகு படிப்படியாக விரித்து, நுண்விவரங்களைச் சேர்த்து எல்லை போடும். மலைமேல் ஏறி ஊரைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து வரப்பைப் பார்ப்பது மாதிரி.

சரியாக வரைந்ததா என்று பார்க்க டைஸ் என்றொரு மதிப்பெண் உண்டு. ஒரே வயலை இரண்டு சர்வேயர்கள் அளந்தால் இரு வரைபடங்களும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்ற கணக்கு. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடவே இல்லை. இதை யாராவது பெருமையாகச் சொன்னால் கட்டி எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். உருண்டையான 2 செ.மீ. கட்டியைச் சுற்றிலும் 1 மி.மீ. குறைத்து வரைந்தால் டைஸ் 0.84. அதே 1 மி.மீ. பிழையை 1 செ.மீ. கட்டியில் செய்தால் 0.68. தவறு ஒன்றுதான், மதிப்பெண் வேறு.

ரிப்போர்ட்டில் நீளம் அகலம் இருக்கிறதே. கன அளவு எதற்கு?

விட்டம் ஏமாற்றும் என்பதால். 2 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் கன அளவு சுமார் 4.2 மில்லி. விட்டம் 2.2 செ.மீ. ஆனால் 5.6 மில்லி. ரிப்போர்ட்டில் இரண்டு மி.மீ. கூடியதாகத் தெரிவது உண்மையில் மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி. அதிலும் பிள்ளைகளின் கட்டி உருண்டையாக இருக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எபெண்டைமோமா என்ற கட்டி, மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளில் நான்காவதிலிருந்து இடுக்குகள் வழியே பிதுங்கி வெளியே வரும் பழக்கமுள்ளது. அதற்கு எந்த நீளத்தை எந்த அகலத்தால் பெருக்குவது?

நீர்ப்பையுள்ள கட்டிகளில் இன்னொரு குழப்பம். நுங்கைப் போல ஒரு பக்கம் சதையும் உள்ளே நீருமாக இருக்கும். மருந்து கொடுத்த பிறகு சதை சுருங்கி, நீர் கூடலாம். மொத்த அகலத்தைப் பார்த்தால் கட்டி வளர்ந்ததாகத் தோன்றி வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள். சதையையும் நீரையும் தனித்தனியே அளக்கும்போதுதான் நிலைமை தெரியும். ராப்னோ என்ற பன்னாட்டு மருத்துவர் குழு, பிள்ளைகளின் மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பலன் தருகிறதா என்று மதிப்பிடத் தனி வரைமுறைகளையே வகுத்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள்: தொடர் ஸ்கேன்களை முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே இயந்திரத்தில் எடுங்கள். 5 மி.மீ. தடிமன் வெட்டாக எடுத்த பழைய ஸ்கேனில் 2 செ.மீ. கட்டி நாலு வெட்டில்தான் தெரியும். அதை 1 மி.மீ. ஸ்கேனோடு ஒப்பிடும்போது வளர்ச்சி எது, அளவுப் பிழை எது என்று சொல்ல முடியாமல் தவித்திருக்கிறேன்.

பெரியவர்களுக்காகச் செய்த மென்பொருளைப் பிள்ளைகளுக்கும் போடலாமா?

கூடாது. என் துறையில் நடக்கும் பெரிய பிழை இதுதான் என்பது என் எண்ணம்.

நஞ்சையில் கார் பிசானம் என்று இரண்டு போகமும் பார்த்துத் தேறியவரைத் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் கொண்டுபோய் நிறுத்தி, மண்ணைப் பார்த்து மகசூல் சொல்லுங்கள் என்றால் எப்படி இருக்கும்? பெரியவர்களின் கொடிய கட்டிகள் பெரும்பாலும் பெருமூளையில் வருபவை. பிள்ளைகளுக்குச் சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் அதிகம். பெரியவர்களில், ஊசி போட்டதும் ஒளிரும் கட்டி பொதுவாக மோசமானது. பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்: சாதுவான பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா பளிச்சென்று ஒளிரும், மூளைத்தண்டில் பரவும் மிகக் கொடிய கட்டியோ தொடக்கத்தில் ஒளிராமலே இருக்கக்கூடும். பெரியவர்களைப் பார்த்துப் பழகிய நிரல் முதலாவதைக் கண்டு அலறும், இரண்டாவதைக் கண்டும் காணாமல் விடும். போதாததற்கு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மூளையில் நரம்புகளைப் போர்த்தும் கொழுப்பு உறை இன்னும் முழுதாக வளர்ந்திராது. அதனால் கைக்குழந்தையின் படத்தில் வெளுப்பும் கறுப்பும் பெரியவர் படத்துக்கு நேர்மாறாக இருக்கும்.

இருந்தும் பிள்ளைகளுக்கான தரவு தாமதமாகவே வந்தது. மூளைக் கட்டியை எல்லை பிரிக்கும் பிராட்ஸ் என்ற பன்னாட்டுப் போட்டி 2012-இல் தொடங்கியது. பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது 2023-இல்தான். நல்லவேளையாக, இந்த நோய் பிள்ளைகளுக்கு அரிதாகவே வருகிறது. அதனாலேயே எந்த ஒரு மருத்துவமனையிடமும் பழக்குவதற்குப் போதுமான படங்கள் இருப்பதில்லை.

படத்தைப் பார்த்தே இன்ன கட்டி என்று சொல்லிவிட்டால் தலையைத் திறந்து சதை எடுக்க வேண்டாமே?

எல்லோரும் ஆசையோடு கேட்கும் கேள்வி இது.

ரேடியோமிக்ஸ் என்றொரு முறை இருக்கிறது. கட்டியின் வடிவம், வெளுப்பின் ஏற்ற இறக்கம், உள்நெசவு ஆகியவற்றை நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றுவது. உள்நெசவு என்றால் என்ன? பத்தமடைப் பாயில் பட்டுப்பாயும் சாதாரணப் பாயும் தூரத்தில் ஒரே மாதிரி தெரியும். விரலால் தடவினால் கோரையின் நெருக்கம் சொல்லிவிடும். அடுத்தடுத்த வோக்சல்களில் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது அந்தத் தடவல்தான். ஹராலிக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1973-இலேயே சொன்ன முறை.

மெடுல்லோபிளாஸ்டோமாவில் மூலக்கூறு அடிப்படையில் நான்கு பெரும் பிரிவுகள் உண்டு. டபிள்யூ.என்.டி. என்று பெயரிட்ட பிரிவுப் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். மூன்றாம் பிரிவில் நிலைமை கடினம். எஸ்.எச்.எச். என்ற இன்னொரு பிரிவுக் கட்டி சிறுமூளையின் பக்கவாட்டில் அமர விரும்பும். இப்படிப்பட்ட குறிகளைப் பிடித்து, கட்டி எந்தப் பிரிவு என்று கணினி ஊகிக்கிறது. ஊகம் சுவையானது, அதை நம்பி மருந்து கொடுக்க முடியாது. சதைப் பரிசோதனைதான் தீர்ப்பு, அதிலும் இப்போது மரபணுச் சோதனையும் சேர்ந்துவிட்டது. கட்டியை அகற்றும் அறுவையே பல பிள்ளைகளுக்குச் சிகிச்சையின் முதல் படி. சதை அதில் கிடைத்துவிடுகிறது. மூளைத்தண்டில் பரவும் கட்டி மட்டும் நெடுங்காலம் படத்தை வைத்தே முடிவு செய்யப்பட்டது, அங்கே கத்தி வைப்பது அவ்வளவு அபாயம் என்பதால். இப்போது சில மையங்களில் அங்கும் ஊசியால் சதை எடுக்கிறார்கள்.

இந்த ஊகங்களில் நான் அஞ்சுவது வேறொன்றை. ஒரு வகைக் கட்டி எல்லாம் ஓர் ஆஸ்பத்திரியிலும் இன்னொரு வகை எல்லாம் வேறோர் ஆஸ்பத்திரியிலும் எடுக்கப்பட்டிருந்தால், நிரல் கட்டியைக் கற்காமல் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டுவிடும். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கும். புது ஊர் ஸ்கேனைக் காட்டினால் உளறும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு உண்டா? மயக்க மருந்து ஏன்?

எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் காதைப் பிளக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது, அதனால்தான் மயக்க மருந்து. மிகவும் அசைந்த படத்தைக் கணினியால் முழுதாகச் சரிசெய்து தர முடியாது.

படத்தைக் கொடுத்தால் பிள்ளையின் விவரம் ஊரெல்லாம் பரவாதா?

நியாயமான பயம். டைகாம் கோப்பின் தலைப்பகுதியில் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். ஆய்வுக்குத் தருமுன் அவற்றை அழிக்க வேண்டும். பலருக்குத் தெரியாதது, தலை ஸ்கேனிலிருந்தே முகத்தை மீட்டு வரைய முடியும் என்பது. அதனால் முகப் பகுதியையும் சிதைத்துவிட்டுத்தான் தர வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துப் போடுங்கள். மறுத்தால் சிகிச்சை நிற்காது, நிற்கவும் கூடாது.

படத்தை வெளியே விடாமலே பழக்கும் வழியும் இருக்கிறது. நிரல் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போய்க் கற்றுக்கொண்டு, கற்றதை மட்டும் திரும்ப எடுத்துவரும். பெரியவர்களின் கட்டி ஒன்றுக்கு இப்படி 71 இடங்களையும் 6,314 நோயாளிகளையும் சேர்த்துச் செய்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. பிள்ளைகளின் அரிய நோய்க்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ரோட்டில் விளம்பரம் பார்த்தேன், கணினியே ரிப்போர்ட் கொடுத்துவிடுமாம். டாக்டர் எதற்கு?

பஸ்ஸில் பக்கத்து இருக்கை அண்ணாச்சி கேட்டது. கணினி செய்யும் தவறுகளில் சிலவற்றைச் சொன்னேன். அறுவை முடிந்த மறுநாள் எடுத்த படத்தில் தேங்கிய ரத்தத்தைக் கட்டி என்று வரையும். ஊசி மருந்தில் இயல்பாகவே ஒளிரும் ரத்தக்குழாயையும் சேர்த்துக்கொள்ளும். கட்டியே இல்லாத மூளையைக் கொடுத்தாலும் எங்காவது நான்கு வோக்சலைக் கட்டியாகக் காட்டும், ஏனென்றால் அது கட்டியுள்ள படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்தது. ஒரு ரேடியாலஜிஸ்ட் இவற்றை ஒரு பார்வையில் தள்ளிவிடுவார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கணக்குப்பிள்ளை மாதிரி. முதலாளி பார்த்துக் கையெழுத்துப் போடணும்" என்றார். பல கருத்தரங்குகளில் இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

காலையில் எழுந்ததும் தலைவலி, அதோடு வாந்தி, வாந்தி எடுத்ததும் சற்றுத் தெளிவு. இது நாள் கணக்கில் தொடர்வது. நடை தள்ளாடுவது, புதிதாக மாறுகண், பார்வை மங்கல், எழுத்துக் கோணுவது. கைக்குழந்தையானால் தலைச் சுற்றளவு வேகமாகக் கூடுவது.

காரணத்தை நம் ஊர்க் குளத்தை வைத்தே சொல்லலாம். மூளைக்குள் திரவம் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. சிறுமூளைக்கு முன்னால் உள்ள நான்காவது அறைதான் மடை. கட்டி அங்கே வளர்ந்து மடையை அடைத்தால், குளம் நிரம்பும். மறுகால் பாய வழியும் இல்லாததால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். படுத்திருக்கும் இரவில் அது கூடுவதால் காலையில் வாந்தி. ஆச்சிமார் குடலேற்றம் என்று தட்டிவிடுவதையும் கண்ணேறு என்று சுற்றிப் போடுவதையும் நான் குறை சொல்லவில்லை. சுற்றிப் போட்ட கையோடு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். வாந்திக்கெல்லாம் காரணம் கட்டி அல்ல, பெரும்பாலும் வேறு ஏதாவதாகவே இருக்கும். அதை மருத்துவர் சொல்லட்டும்.

திருநெல்வேலியிலேயே பார்க்க முடியுமா?

தொடக்கத்துக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965 முதல் இருக்கும் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு மேல் மதுரை, சென்னை, திருவனந்தபுரம் என்று அனுப்புவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே சொன்ன கணினி அளவீடு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. கிடைக்கவில்லையே என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிடியில் கீறல் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

எடுத்த இடத்தில் கேளுங்கள். அவர்களுடைய கணினியில் சில காலம் நகல் இருக்கும். எவ்வளவு காலம் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் இன்றே போங்கள். கையில் கிடைத்ததும் வீட்டுக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் நகல் எடுத்து, தேதியை மேலே எழுதி வையுங்கள். பென்டிரைவை ஃபிலிம் உறைக்குள் போடாதீர்கள். பஸ்ஸில் விட்டுவிட்டு வருவது எப்போதும் அந்த உறையைத்தான்.